இரண்டு சீட்டு

பாம்பன் தீவின் பிரசவ விடுதிக்கு யாகப்பம்மாள் நர்சாக வந்த மூன்றாம் வருஷம், 1953இல், பச்சைக் குழந்தைகள் சாகத் தொடங்கின. ஏழாம் நாள் வாய் இறுகும், பால் இறங்காது, உடம்பு வில்லாய் வளையும். அதற்கப்புறம் இரண்டு நாள் தாங்காது.

தொப்புள்கொடி அறுத்த இடத்தில் தூவச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய வெள்ளைப் பவுடர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். பவுடர் டின் வந்து சேராத வாரங்களில் பிறந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. பதிவேட்டைப் புரட்டி எண்ணினாள். பவுடர் போட்டது இருபத்திரண்டு, அதில் செத்தது ஆறு. போடாதது பத்தொன்பது, செத்தது ஒன்று.

மாதம் ஒருமுறை வரும் டாக்டரிடம் காட்டினாள். அவர் காகிதத்தில் நெடுநேரம் கணக்குப் போட்டார்.

“பவுடர்ல ஒரு கோளாறும் இல்லேன்னே வச்சுக்கங்க. அப்பவும் பத்துத் தடவைக்கு ஒரு தடவை இவ்வளவு வித்தியாசம் தானா விழும். இதை நம்பி நிறுத்த முடியாது. பவுடர் இல்லாட்டி தொப்புள் சீழ் பிடிக்காதான்னு மேல கேப்பாங்க.”

“அப்ப இன்னும் எத்தனை சாகணும் டாக்டரய்யா?”

அவர் கோபப்படவில்லை. ஒன்றில் ‘பவுடர்’, ஒன்றில் ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு எழுதி மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். நாற்பது பிரசவத்துக்கு, பிள்ளைக்கு ஒருதரம் குலுக்கி எடுக்க வேண்டும். “வந்ததைச் செய்யுங்க. நீங்களா பொறுக்கினா கணக்கு வீணாப் போயிரும்.”

பதினோரு பிள்ளைகளுக்கு அப்படியே செய்தாள். பன்னிரண்டாவது கனியின் பிள்ளை. கனிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ‘பவுடர்’ என்று வந்தது. யாகப்பம்மாள் அதை டப்பாவில் போட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். அப்புறம் கை கேட்கவில்லை. சோனிப் பிள்ளை என்றால் மாற்றினாள். தாய் அழுதால் மாற்றினாள்.

நாற்பது முடிந்தபோது பவுடர் போட்ட பதின்மூன்றில் மூன்று செத்திருந்தன. போடாத இருபத்தேழில் ஒன்றுகூட இல்லை.

“பதின்மூணு, இருபத்தேழா? குலுக்கினா பாதிக்குப் பாதி பக்கத்துல வரணுமே” என்றார் டாக்டர்.

அவளுக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டாள். அவர் நோட்டை மூடினார்.

“நல்ல பிள்ளையா பாத்து நீங்க பவுடர்லேருந்து தப்பிக்க விட்டீங்கன்னு சொல்லுவாங்க.”

“நோஞ்சானத்தான்யா விட்டேன். அதுகளே பொழச்சுக்கிருச்சே.”

“எனக்குப் புரியுது. எழுதி அனுப்பினா எடுபடாது.”

மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். பவுடரையும் தொடவில்லை. அதற்காகவே அவளை விடுதியிலிருந்து நீக்கினார்கள். பவுடர் இன்னும் ஒரு வருஷம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதற்குப் பதில் ஊதா மருந்து வந்தது. ஏன் என்று யாருக்கும் கடிதம் வரவில்லை.

இதற்குள், படுக்கையிலிருந்து பார்த்திருந்த கனி, நர்சம்மா சீட்டு மாற்றித் தன் மகனைக் காப்பாற்றியதைக் கண்டவர்களிடமெல்லாம் நன்றியோடு சொல்லியிருந்தாள். ஒருநாள் சந்தையில் ராக்கு வந்து எதிரே நின்றாள். பவுடர் போட்டுச் செத்த அந்த மூன்றில் ஒன்று அவளுடையது.

“எம் பிள்ளைக்கு ஏன் மாத்தல?”

அந்தப் பிள்ளை நல்ல கனமாக, வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தது. அதனால்தான் மாற்றவில்லை. இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? ராக்கு காறித் துப்பிவிட்டுப் போனாள்.