இருட்டாக நின்ற வாசல்

தீபாவளிக்கு முதல் நாள், மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை இழந்தவர்களின் தகரக் கொட்டகைகளுக்கு நாங்கள் சிலர் வண்ண விளக்குச் சரங்கள் கொண்டுபோனோம். வட்டவளைப் பக்கம். எல்லோரும் வாங்கினார்கள்; ஓர் அம்மா மட்டும் கை நீட்டவில்லை. கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்து இழுத்து அவர் உச்சி மயிர் தேய்ந்திருந்தது. அந்தக் கொட்டகையை மறந்தும் அவர் வீடு என்று சொல்லவில்லை. ‘இந்த எடம்’ என்றுதான் சொன்னார்.

“லயத்துல இருந்தப்ப நீலம் கலந்து சுண்ணாம்பு அடிச்சு, வாசல் பூரா காயிதப் பூ கட்டுவோங்க. இந்த எடத்துக்கு ஒத்த வெளக்கு போதும். அதுவும் உள்ளுக்குள்ள.”

“பேரப் புள்ளைங்களுக்காகவாச்சும் கட்டுங்களேன்ம்மா” என்றேன்.

“போன வருசம் கட்டுனோங்க. வீடு தர்றோம்னு சொன்ன ஐயா வந்து பாத்தாரு. ‘நல்லாத்தானே இருக்கீங்க’ன்னு போட்டோ புடிச்சிட்டுப் போனவருதான்.”

நீட்டிய சரத்தைச் சுருட்டிப் பையில் வைத்தேன். வெளியே வந்தபோது மற்ற கொட்டகைகளில் சரங்கள் மின்னத் தொடங்கியிருந்தன. எங்களோடு வந்த ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“அந்த ஒரு வாசல் மட்டும் இருட்டா இருக்குங்க. அது விழாத மாதிரி எடுக்கிறேன்” என்று தள்ளி நின்றார்.