முன் டயருக்கு முப்பத்தைந்து பவுண்டு

மூன்று சக்கர மோட்டாருக்கு எவ்வளவு காற்றுப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு இருபத்து மூன்று வயதில் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. சேலத்தில் விடுதியில் தங்கி இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு இருக்கும் திமிர் வேலை கிடைத்தவனுக்குக்கூட இருக்காது. காரிமங்கலம் சந்தையில் என்னைவிட அறிவாளி ஒருவனும் இல்லை என்று நம்பினேன். சந்தையும் அதை நம்பியதுதான் கேவலம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புளி வியாபாரம் செய்த என் மாமா, மாட்டு வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒரு சரக்கு மோட்டார் வாங்கினார். முன்னால் ஸ்கூட்டர் போலக் கைப்பிடியும் ஒற்றைச் சக்கரமும்; பின்னால் இரண்டு சக்கரங்களின் மேல் தகரப் பெட்டி. அதை ஓட்ட ஒரு பாயை வைத்தார். தர்மபுரிக்காரர், நாற்பது வயது இருக்கும். பல வருடம் லாரி ஓட்டியவர், முதுகுவலி வந்ததால் சின்ன வண்டிக்கு இறங்கியவர். வண்டியை மேற்பார்வை பார்க்க என்னை வைத்தார் மாமா. ஒரு வண்டி, ஒரு டிரைவர், அதற்கு ஒரு மேற்பார்வை. சும்மா உட்கார்ந்து சாப்பிடும் மருமகனுக்கு ஒரு பெயர் வேண்டுமே, அதற்காக.

பாய் காற்றுப் பார்க்கும் முறை எனக்குச் சிரிப்பாக இருந்தது. கைப்பம்பில் அடிப்பார். கட்டை விரலால் டயரை அமுக்குவார். பிறகு வண்டியைப் புழுதியில் பத்தடி தள்ளிவிட்டு, குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்ப்பார். தடத்தின் நடுக்கோடு மட்டும் ஆழமாக விழுந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரம் மட்டும் விழுந்திருந்தால் குறைவு. முன் டயரை எப்போதும் மெத்தென்று வைத்திருப்பார். பின் டயர்கள் இரண்டும் கல் மாதிரி இருக்கும்.

"ஏன் பாய், முன்னாடி பாதிக் காத்துதான் இருக்கும்போல?" என்று ஒரு நாள் டயர் கடை வாசலில் கேட்டேன்.

"முன்னாடி எடை இல்லீங்க தம்பி. ஒத்தச் சக்கரம். கெட்டியா வச்சா ஜல்லி மேல குதிக்கும், கை நிக்காது. மண்ணே சொல்லுதுங்க, பாருங்க."

"மண்ணு சொல்றதக் கேக்கறவனுக்குப் பேரு என்ன தெரியுமா பாய்? மண்ணாங்கட்டி."

டயர் கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் கொஞ்சம் சிரித்தார். சிரிக்காமல் அவர் என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த முறை சேலம் போனபோது காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வந்தேன். பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். டயரின் பக்கத்தில் புடைத்த ஆங்கில எழுத்தில், அது தாங்கக்கூடிய அதிகபட்சக் காற்று முப்பத்தைந்து பவுண்டு என்று போட்டிருந்தது. மூன்று டயரிலும் அதேதான். பாயின் முன் டயரை அளந்தேன். பதினெட்டு.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. அதிகபட்சம் என்ற சொல் எனக்குப் பரீட்சைத் தாளில் மட்டும்தான் பழக்கம். அதிகபட்சம் என்றால் முழு மதிப்பெண். அதை நெருங்குகிறவன் கெட்டிக்காரன். போதாக்குறைக்கு அந்த எண் முப்பத்தைந்தாக வேறு இருந்து தொலைத்தது. பள்ளிக்கூடத்துக் கதவைத் தொட்ட எவனுக்கும் தெரியும், முப்பத்தைந்து என்றால் பாஸ். பதினெட்டு என்றால்?

"பாய் ஃபெயிலு" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

அவ்வளவுதான். சந்தையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூட்டை தூக்குபவன் முதல் டீக்கடைக்காரன் வரை "என்ன ஃபெயில் பாய், லோடு ஏத்தலாமா?" என்றார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட. தன்னைவிட ஒருவன் கீழே இருக்கிறான் என்றால் சந்தைக்கு அதைவிடக் கொண்டாட்டம் இல்லை. அந்தக் கொண்டாட்டத்துக்கு நான்தான் பூசாரி.

தினமும் காலையில் டயர் கடையில் நானே நின்று, என் கையால் கேஜைப் பிடித்து, மூன்று டயருக்கும் முப்பத்தைந்து ஏற்றினேன். பாய் ஊர் எல்லை தாண்டியதும் முன் டயரில் காற்றை இறக்கிவிட்டு ஓட்டினார். மாலையில் வண்டி திரும்பியதும் அளந்து கண்டுபிடித்தேன். ஏதோ திருடனைப் பிடித்தவன்போல மாமாவிடம் கூட்டிப்போனேன்.

"பிஎஸ்ஸி படிச்சவன் சொல்றான், நீ எறக்கி வுடறியா?" என்றார் மாமா. "இனிமே காத்துல கை வச்சேன்னா வூட்டுக்குப் போய்க்க. வேற ஆளு பாத்துக்கறேன்."

"சரிங்க மொதலாளி" என்றார் பாய். அவருக்கு நான்கு பெண்கள் என்று எனக்குத் தெரியும். அவர் குடும்பம் முழுவதும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் நின்றது என்பதும் தெரியும். தெரிந்தும் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, கம்பைநல்லூரிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பங்குனி வெயில். நான் பாயின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும் என்பதை நான் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்த விதி புத்தகத்துக்குள்தான் செல்லுபடியாகும் என்று நினைத்தேனோ என்னவோ. கொதிக்கும் ரோட்டில் மூன்று டயர்கள் என் காலடியில் உருண்டுகொண்டிருந்தபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

ஆற்றுத் தரைப்பாலத்துக்கு இறங்கும் இடத்தில் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். முன் சக்கரம் தவளை மாதிரி தத்தியது. பாயின் முழங்கை நடுங்குவது என் விலாவில் தெரிந்தது.

"தம்பி, ஒரு நிமிசம் ஓரங்கட்டி முன்னாடி மட்டும் கொஞ்சம் எறக்கிக்கறேங்க. நீங்க மொதலாளிகிட்ட சொல்லாதீங்க."

"முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாய் பாஸு. ஓட்டுங்க."

வளைவில் அவர் கைப்பிடியைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. காற்றில் நின்ற சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி என்ன பயன்? அது மறுபடி தரையைத் தொட்டபோது வண்டி இடதுபுறம் சாய்ந்துவிட்டது. நான் புளி மூட்டையின்மேல் விழுந்தேன், முழங்காலில் சிராய்ப்பு. பாயின் வலது மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்தன. அப்போதும் அவர் கேட்டது, "தம்பி, உங்களுக்கு ஒன்னும் ஆகலீங்களே?"

தரைப்பாலத்தின் மேட்டிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கவிழ்ந்த வண்டியில் முன் டயர் விண்ணென்று புடைத்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஐந்நூறு கிலோ, முன்னால் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே காற்று. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. விளங்கியதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் எழுத வந்தேன். விளங்காதபோது செய்தது மடத்தனம். அதற்கு இவ்வளவு காகிதம் தேவையில்லை.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விபத்தான வண்டியைச் சோதிக்கும் அதிகாரி. பிரேக்கைப் பார்த்தார், சரியாக இருந்தது. முன் டயரை அளந்தார். புருவத்தை உயர்த்தினார்.

"முன்னாடிக்கு யாருய்யா இவ்வளவு காத்து புடிச்சது?"

கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நின்ற பாய் சொன்னார்: "தம்பிதானுங்க புடிச்சாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் பேசினேன். நான் இயற்பியல் பட்டதாரி, எடை விழாத ஒற்றைச் சக்கரத்துக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா, வெயிலில் அழுத்தம் ஏறும் என்பது தெரியாதா என்று கேட்டேன். பாய் மாதக்கணக்காக எனக்குச் சொன்னதை, முந்தின நாள் அவர் எலும்பு முறிந்து எனக்குப் புரிந்ததை, என் படிப்பாக எடுத்து வைத்தேன். இந்த ஆள் காற்றில் கை வைப்பதும் அதற்காக முதலாளி கண்டித்ததும் சந்தைக்கே தெரியும் என்றும் சேர்த்தேன். அது ஒன்றுதான் உண்மை. பொய்க்கு முட்டுக் கொடுக்க உண்மையைப்போல் வேறு கட்டை கிடையாது.

இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. அவரும் பட்டதாரி. நாங்கள் இரண்டு பேரும் பாயின் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். டயர் கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன், யார் காற்றுப் பிடித்தது என்று கவனிக்கவில்லை என்றான். தினமும் காலையில் என் முன்னால் நின்று பல்லிளித்தவன். என் மாமாவின் வண்டி அவன் கடைக்கு வேண்டும்.

பாய்க்கு எங்கள் பேச்சு புரியவில்லை. என் முகம் புரிந்தது. "தம்பி, என்னங்க எழுதறீங்க?" என்றார். நான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதி அவர் லைசென்சை ரத்து செய்தார்கள். மாமா வேறு ஆளை வைத்தார். முன் டயரை எவ்வளவு வைக்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு நான் விளக்கினேன். "படிச்சவருன்னா படிச்சவருதாங்க" என்றான் அவன்.

எனக்குப் பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆறேழு வருடம் கழித்து, மனைவியோடு பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது, ஒருவர் மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வலது கை மடங்கவில்லை. பாய்தான். தாடி நரைத்திருந்தது. அவர்தான் முதலில் சலாம் வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா பாய்?" என்றேன்.

"இருக்கறேங்க." என் மனைவியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்றத்தான். "தம்பி, நீங்க இப்ப வாத்தியாருன்னு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. காத்து புடிச்சது நான் இல்லன்னு. அது இருந்தா திரும்ப லைசென்சுக்குக் கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. கை ஒரு மாதிரி இருந்தாலும் ஓட்டிப்புடுவேங்க."

பொய் வாக்குமூலம் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் அரசு வேலை என்னாகும் என்ற கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. "பாக்கறேங்க பாய், அட்ரஸ் சொல்லுங்க" என்றேன். அவர் தர்மபுரியில் தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கடை, கதவு நம்பர் எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டைரியை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்தேன். தலையை ஆட்டினார்.

அந்த வருடம் முடிந்து புது டைரி வாங்கியபோது, பழையதில் இருந்த முகவரிகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதினேன். அவருடையது வந்தபோது பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.