செங்கோடன் கண்மூடிக் கண்ட ஊர்கள்

ஓமலூர்க் கொட்டகையில் பகல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது. எடப்பாடியிலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்திறங்கிய உறவுக்காரர் ஒருவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, நம்ம பெயிண்டர் செங்கோடன் நேத்துப் போயிட்டாருங்க. ஊருக்கு வந்த எடத்துல காச்சல்னு படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க. காத்தாலயே எடுத்துப்போட்டமுங்க" என்றார். ஆர்மோனியம் நின்றது. எடுத்தாகிவிட்டது என்று கேட்டதும் துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வரும்வரை வைத்திருக்கக் கூடாதா? யார்மேல் கோபித்துக்கொண்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

செங்கோடனோடு ஊர் ஊராக முகாம் போட்டு, ஒரே பாயில் படுத்தெழுந்த கம்பெனிக்காரர்களாகிய உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? கம்பெனிக்கு நாடகம் எழுதுகிறவன் நான். மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவில் ஊரும் தெருவும் சாயத்தால் எழுதுகிறவர் அவர். ஏறக்குறைய ஒரே வயது; ஆகவே நாள் தவறாமல் சண்டை. வாய்க்கொழுப்பும் வீறாப்பும் அவருக்குக் கொஞ்சமல்ல. ஆனால் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் முதலில் தேடி வருகிறவரும் அவர்தான்.

அவருடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். தூரிகையைத் தொடுமுன் மத்தியானத்தில் ஆளில்லாத கொட்டகைக்குப் போவார். தரை டிக்கெட்காரர்கள் உட்காரும் மணலில் சம்மணமிட்டு, ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு அசையாமல் இருப்பார். எழுதப்போகிற ஊருக்குள் மனத்தால் நடந்துவிட்டு வருவதாகச் சொல்வார். தெருவில் நடப்பாராம், கதவைத் தட்டுவாராம், கிணற்றை எட்டிப் பார்ப்பாராம். "பெயிண்டர் எங்கே?" என்று முதலாளி கத்தினால், "காசிக்குப் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாருங்க" என்று பையன்கள் சிரிக்காமல் பதில் சொல்வார்கள்.

அந்தக் காசிப் படுதாவை மறக்க முடியுமா? கங்கைக் கரையில் வரிசையாகப் பனைமரம். பின்னால் அச்சு அசலாகச் சங்ககிரி மலையும் கோட்டையும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "காசியில் ஏதய்யா சங்ககிரி?" செங்கோடன் சற்றும் அசரவில்லை. "நான் போனப்ப இருந்துதுங்க." அதை மாற்றச் சாயம் கிடைக்காத யுத்த காலம். ஆகையால் கம்பெனியின் காசியில் இன்றும் சங்ககிரி நிற்கிறது. நம் ஜனங்களும் ஒருவர்கூடக் கேள்வி கேட்டதில்லை.

மல்லசமுத்திரம் முகாமில் எனக்கு எழுத்து நின்றுபோயிற்று. மகன் போரில் இறந்தான் என்று தாய் கேள்விப்படும் கட்டம். பக்கம் பக்கமாகப் புலம்பல் எழுதிக் கிழித்தேன். செங்கோடன் வந்து எதிரே உட்கார்ந்து, "அந்தம்மா எங்க உக்காந்திருக்குது?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாத பொம்பளைய எப்படிங்க அழ வெப்பீங்க? கண்ண மூடுங்க. ஊட்டுக்குள்ள போங்க. அடுப்பு எரியுதா? கையில என்ன வெச்சிருக்குது?" கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் அவசரப்பட்டபோது துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். "புடிக்கப் போனா ஓடிப்போயிருமுங்க. கேட்டுப்போட்டுப் பேசாம இருக்கோணும்." வெகுநேரம் கழித்து அவளைப் பார்த்தேன். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டும் கை நிற்கவில்லை, புடைத்துக்கொண்டே இருந்தாள். புலம்பல் முழுவதையும் அடித்துவிட்டேன். அந்தக் காட்சியில் கொட்டகை அழுதது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நான் எழுதிய எல்லாமே அப்படிக் கேட்டுக் காத்திருந்து எழுதியதுதான்.

நாமக்கல்லில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த சமயம் எடப்பாடியில் வாந்திபேதி பரவியது. அவருடைய ஒரே மகள் பாவாயி போய்விட்டாள். பால்பல்கூட விழாத குழந்தை. அவர் ஊர் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் வேலை செய்தார். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். "வாத்தியாரே, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் உங்களக் கேட்ட மாதிரி என்னக் கேளுங்க."

ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டார். நான் கேட்டேன். எங்கே இருக்கிறாள்? "வாசல்ல." என்ன செய்கிறாள்? "தெருவப் பாத்து நிக்கிறா. சடையில கனகாம்பரம் வெச்சிருக்குது." இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள் என்றேன். "சொல்றனுங்க. திரும்ப மாட்டேங்கறா." துண்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. "காசியெல்லாம் பாத்த கண்ணு, பெத்த புள்ள மூஞ்சிய மறந்துபோச்சுங்களே!" குழந்தையைப் போட்டோ பிடித்து வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? அதன்பின் எத்தனையோ முகாமில் எத்தனையோ மத்தியானம் கேட்டேன். அவள் திரும்பவில்லை. அந்த மனிதன் அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பிறகு எழுதிய தெருப் படுதாவில் ஒரு வாசலில் பாவாயியை நிறுத்தினார், முதுகு காட்டியபடியே. முதலாளி குதித்தார். நம் மேடையில் ராஜா வேஷக்காரனே சபைக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்துதான் உள்ளே போவான். படத்தில் மட்டும் நிற்கலாமா? "அவ திரும்புனா நானும் திருப்பிப்போடறனுங்க. அதுக்கு முந்தி யாராச்சும் கை வெச்சா நான் கம்பெனியில இருக்க மாட்டனுங்க" என்றார் செங்கோடன். விஷயம் தெரிந்ததும் முதலாளி அப்புறம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன தைப்பொங்கலுக்கு ஊர் போய் வந்தவர், மூட்டையை இறக்குமுன் என் கையைப் பிடித்தார். "திரும்பிட்டாளுங்க." முகமெல்லாம் வருகிறதா என்றேன். "எல்லாம் வருதுங்க. சிரிக்கறா. முன்பல்லு ரெண்டு உழுந்திருக்குது." பல் விழும் வயதுக்கு அவள் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "வளந்திருக்கறாளுங்க, வாத்தியாரே" என்றார் மெதுவாக.

நான் ஓடிப்போய்ச் சாயக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். வாருங்கள், மறந்துபோவதற்குள் முகத்தை எழுதிவிடலாம் என்றேன். அவர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். "வேண்டாமுங்க. எழுதிப்போட்டா இந்த வயசுலயே நின்னுக்குவா. அவ வளரட்டும் சாமி."

செங்கோடனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வழக்கம்தான்: கேட்பது, பேசாமல் காத்திருப்பது. சேதி வந்த நாளிலிருந்து மத்தியானங்களில் கொட்டகை மணலில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறேன். நான் கூப்பிட்டவுடனே அவர் வந்துவிடுகிறார், காதில் தூரிகையோடு, ஏதோ ஒரு சண்டைக்குத் தயாராக. இவ்வளவு எழுதியும் அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வரி சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லமாட்டேன். எனக்கு நரைக்கும்போது அவருக்கும் நரைக்கட்டும்.