நசுங்காத எலுமிச்சம்பழம்

எங்கள் ஜீப் மண்ணில் இறங்கியதே கிடையாது. வேங்கிக்கால் வீட்டிலிருந்து டவுனில் இருந்த அப்பாவின் பம்புசெட் கடைக்குப் போகும், வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும், ஞாயிற்றுக்கிழமையானால் அடி அண்ணாமலையில் பெரியப்பா வீட்டுக்குப் போகும். எல்லாம் தார் ரோடு. பெரியப்பாவின் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்றுதான் மண். அங்கேயும் அப்பா ஜீப்பைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துதான் போவார். வண்டி அழுக்காகிவிடுமாம்.

அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. எனக்கு ஒன்பது வயதானபோது அதன் நான்கு டயர்களும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. ஒரு மழை நாளில் பிரேக் போட்டபோது வண்டி தானாக நாலடி வழுக்கிப் போய் நின்றது. அன்றைக்கே புது டயர் போடுவதென்று முடிவாயிற்று. என்ன டயர் என்பதில்தான் வீடு இரண்டானது.

அப்பாவும் நானும் ஒரு கட்சி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அவருடைய செல்போனில் ஜீப் வீடியோ பார்ப்போம். எங்கெங்கோ இருக்கிற ஜீப்புகள் ஆற்றில் இறங்கி, பாறையில் ஏறி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வெளியே வரும். அவற்றின் டயர்களில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கட்டை டயரைப் போட்டுவிட்டால் நம் ஜீப்பும் ஜவ்வாது மலையில் செங்குத்தாக ஏறிவிடும் என்று நான் முழுசாக நம்பினேன். அப்பா பாதி நம்பினார் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்சி அம்மா. அவளுக்கு அந்த ஜீப்பில் வேறொரு காரியம் இருந்தது. அவள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வந்ததும் அப்பா இறங்கி இந்தப் பக்கம் வருவார். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாலாக மடித்த போர்வையைச் சீட்டில் போட்டு அதன்மேல் உட்காருவாள். அப்போதுதான் பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியும். எதிரே நடந்து வரும் சாமியார்கள் தூரத்திலேயே எங்களைக் கண்டு ஓரம் கட்டிவிடுவார்கள். மூன்றாவது கியர் வரைக்கும் வந்துவிட்டாள். எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று, டெஸ்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"லைசென்ஸ் வரட்டும். செங்கத்துக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் போலாம். யாரையும் கேக்க வேணாம்," என்று ஒருநாள் எனக்குத் தலை பின்னும்போது சொன்னாள். செங்கத்தில் அவளுடைய பிறந்த வீடு. அங்கே போவதென்றால் அப்பாவுக்குக் கடை ஓய்வாக இருக்க வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு கல்யாணமோ காரியமோ வர வேண்டும். நான் சரியென்று தலையாட்டினேன். பின்னல் கோணிவிட்டது என்று ஒரு குட்டு வாங்கியதுதான் நினைவிருக்கிறது.

டயர் கடைக்கு மூவருமாகப் போனோம். புது ரப்பர் வாசனை வாசலிலேயே ஆளைத் தூக்கியது. கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று நீளவாக்கில் கோடு போட்ட சாதா டயர். இன்னொன்று நான் கனவில் கண்டது. அகலமாக, கறுப்பாக, ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகிற பள்ளத்தோடு நின்றது.

"வண்டி ஜாஸ்தி எங்கங்க ஓடுது?" என்று கடைக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாந்தான். காடு, மேடு…"

"ஜவ்வாது மலைக்குப் போவோம்!" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"தார் ரோட்லதான் ஓடுதுங்க," என்றாள் அம்மா. கடைக்காரர் நல்ல மனுஷன். தார் ரோடென்றால் சாதா டயரே போதும், கட்டை டயர் சத்தம் போடும், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று உள்ளதைச் சொன்னார். அப்பாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா குனிந்து கட்டை டயரை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "இது போட்டா ஸ்டியரிங் கனமாயிடுமாங்க?"

"கொஞ்சம் கனம் இருக்கும்," என்று கடைக்காரர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "சாருக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பழகிடும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு."

சொல்வதற்கு எங்கே நேரம்? ஓடிப்போய்க் கட்டை டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கவுனெல்லாம் கறுப்பு. கடையே சிரித்தது. "சரி, புள்ள ஆசைப்படுது," என்றாள் அம்மா. ஜெயித்துவிட்டோம்!

டயருக்கெல்லாமா பூசை போடுவார்கள் என்று அம்மா கேட்டதற்கு, இது புது வண்டி மாதிரிதான் என்று சொல்லிவிட்டார் அப்பா. நேராக ஒரு பிள்ளையார் கோயில் வாசலுக்கு விட்டோம். போகும் வழியெல்லாம் தார் ரோட்டில் அந்த டயர் போட்ட சத்தம் இருக்கிறதே, உடம்பெல்லாம் கூசியது. இரண்டு நாய்கள் ரமணாசிரமம் வரைக்கும் துரத்திக்கொண்டே வந்தன. நான் பின்னால் எழுந்து நின்று அவற்றுக்குக் கையாட்டினேன்.

குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பாவுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. "நீயே எடு. உன் கையால எடுத்தா நல்லாருக்கும்," என்று சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். செருப்பைக் கழற்றினாள். போர்வையை மடித்துப் போட்டாள். சாமி கும்பிட்டுவிட்டு ஏறினாள்.

எதிரே பூக்கடை இருந்ததால் எடுத்தவுடனே வலதுபக்கம் ஒடிக்க வேண்டும். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சீட்டைவிட்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. குருக்கள் தட்டோடு பின்னால் தாவினார். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்தமுறை ஜீப் உறுமிக்கொண்டு நகர்ந்து, பூக்கடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மூன்று பழம் நசுங்கிக் கிடந்தது. நாலாவதைக் காணோம். எல்லாரும் குனிந்து தேடினோம். நான்தான் கண்டுபிடித்தேன். முன்டயரின் ஓரத்தில், இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில், சின்னப் பழம் ஒன்று ஒரு கீறல்கூட இல்லாமல் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா ஓட்டுனா எலுமிச்சம்பழத்துக்கே ஒண்ணும் ஆவலபா. நாமெல்லாம் தைரியமா குறுக்க போலாம்!" என்றார் ஓர் ஆட்டோக்காரர். பூக்கடைக்காரம்மா சிரித்தாள், குருக்கள் சிரித்தார், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். பழத்தை நோண்டி எடுத்து, என்னவொரு டயர் பாருங்கள் என்று தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அம்மாவும் சிரித்தாள். இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சுற்றிப்போய் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்களே ஓட்டுங்க. கை வலிக்குது."

அடுத்த ஞாயிறும் கை வலித்தது. அதற்கடுத்த ஞாயிறு வீட்டில் வேலை இருந்தது. அப்புறம் அப்பா கிரிவலப் பாதையில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார். டெஸ்டுக்குப் போகவேண்டிய நாள் சாதாரண நாளாக வந்து போயிற்று. எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? பள்ளிக்கூட வாசலில் எங்கள் ஜீப் வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த டயர்கள் கடைசிவரை ஒரு பிடி சேற்றைக்கூடப் பார்க்காமல் தார் ரோட்டிலேயே தேய்ந்து முடிந்தன.

முழுப் பரீட்சை லீவில் அம்மாவும் நானும் செங்கத்துக்குப் போனோம், பஸ்ஸில். பாதி தூரம் நின்றுகொண்டுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா, "ஏம்மா, ஜீப்ப நானே ஓட்டிக்கினு வர்றேன்னு போன்ல சொன்னியே, எங்க?" என்று கேட்டார்.

அம்மா பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். புது டயர், பூக்கடை, குருக்கள் தாவியது, ஆட்டோக்காரர் சொன்னது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். காய்ந்து கறுத்துப்போன அந்த எலுமிச்சம்பழத்தை என் பையிலிருந்து எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தேன். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அம்மா தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். நல்ல இடத்தில் போய்விட்டாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் திரும்பி வரட்டும், அவளும் கேட்கட்டும் என்று கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.