முனியாண்டி மாமா பேரை முழுங்கின சாப்ட்வேர்

மை வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்த ஒரு குளிர்...

மலேசியாவுல, பத்து பகாட் டவுன்ல நான் முதன்முதலா வேலைக்குப் போன அச்சகம் அப்படித்தான் இருக்கும். மிஷின் ஓட்டுறவங்க வேர்த்து ஊத்திக்கிட்டு நிப்பாங்க. கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் ஏர்கான். எனக்காக இல்ல, கம்ப்யூட்டர் சூடாயிரக் கூடாதுன்னு.

கல்யாணக் கார்டு, காதணி விழா, கோயில் நோட்டீஸ்... தமிழ் வேலை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா, நான் பக்கம் அமைக்கிற சாப்ட்வேர்ல இந்த வாரம் புது வெர்ஷன் வந்திருக்கு. என்னென்ன மேம்படுத்தியிருக்கோம்னு நீளமா ஒரு லிஸ்ட். அதுல கடைசிப் பக்கமா ரெண்டு விஷயம். தமிழ் மாதிரி மொழிகள் இனிமே எந்த செட்டிங்கும் மாத்தாம ஒழுங்கா வருமாம். அப்புறம், எழுத்து பெட்டிக்குள்ள அடங்காம மறைஞ்சு போச்சுன்னா, பிரிண்டுக்கு அனுப்பும்போது நிறுத்தி, எந்த வரின்னு காட்டுமாம்.

மத்தவங்க சந்தோஷப்படலாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன்னா அந்தக் காலத்துல அதுக்கு தமிழ்னா என்னன்னே தெரியாது. நாம என்ன அடிச்சாலும் தப்புன்னு நெனச்சு, ஸ்கிரீன் பூரா ரோஸ் கலர் பூசி வச்சிரும். மொத நாளே அச்சக முதலாளி சேகர் அண்ணன் சொல்லிட்டாரு.

"அதெல்லாம் பாக்காதம்மா. அச்சுல வர்றத மட்டும் காட்டுற பிரிவியூல போட்டு வேலை செய் லா, ரோஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியாது."

எனக்குத் தெரிஞ்சு தமிழ் வேலை பாத்தவங்க எல்லாரும் அப்படித்தான். பொய் எச்சரிக்கைய மறைச்சா, எழுத்து அடங்கலன்னு காட்டுற நெஜ எச்சரிக்கையும் சேந்து மறையும்னு யாருக்கும் தோணல. எங்களுக்கு வேற வழியும் வைக்கல.

அப்பத்தான் பார்வதி அக்கா மக கல்யாணக் கார்டு வந்துச்சு.

அக்காவுக்கு டெக்ஸ்டைல் பேக்டரியில வேலை. புருஷன் சீக்கிரமே போயிட்டாரு. பிள்ளையப் படிக்க வச்சது அக்காவோட தம்பி முனியாண்டி மாமா. மூவார் டவுன்ல பர்னிச்சர் பேக்டரியில நாற்காலிக்கு மணல்தாள் தேச்சுத் தேச்சு சம்பாதிச்ச மனுஷன். அவர் பேரு கார்டுல தனியா, கடைசி வரியா, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வரணும்னு அக்கா சொல்லியிருந்தாங்க. 'தாய்மாமன்: மூவார் முனியாண்டி.' ப்ரூப் பாக்கும்போது அந்த வரிய விரலால தடவிப் பாத்தாங்க.

மறுநாள் காலையில போன். மண்டபம் மாறிருச்சு. புது அட்ரஸ் பழசவிட ஒரு வரி அதிகம். மாத்தினேன், அனுப்பினேன். மிஷின் காத்துக்கிட்டு இருந்துச்சு, மறுபடி யாரும் பாக்கல.

வழக்கப்படி மொத கார்டு தாய்மாமனுக்கு. வெத்தல பாக்கு, பழம், கார்டு எல்லாம் தட்டுல வச்சு அக்கா மூவாருக்குக் கொண்டு போனாங்க. மாமா நின்னபடியே ரெண்டு தடவ படிச்சிட்டு, கார்டத் திருப்பித் தட்டுலயே வச்சிட்டாராம்.

அடுத்த நாள் அக்கா என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னாங்க.

"ஏன்மா, ப்ரூப்ல இருந்த என் தம்பி பேர மறுபடி அடிக்க உனக்குக் கை வலிச்சுதா?"

சேகர் அண்ணன்தான் பேசினாரு. "புதுப் பொண்ணு அக்கா... அட்ரஸ் மாத்தும்போது கை பட்டு அழிச்சிருக்கும்."

அவ்வளவுதான். தப்பு என் பேருல எழுதியாச்சு.

மீதிக் கார்டுக்கெல்லாம் சின்னச் சின்னத் துண்டுல மாமா பேர அடிச்சு, நானே உக்காந்து ஒட்டினேன். அதுல ஒண்ண எடுத்துக்கிட்டு அக்கா மறுபடி போனாங்க. மாமா வாங்கவே இல்ல.

"ஒட்டி வச்ச பேரு எனக்கு வேணாம்கா. மொதல்லயே ஞாபகம் வந்திருக்கணும்."

கல்யாணத்துக்கு அவர் வரல. அக்காவே வேணும்னு விட்டுட்டாங்கன்னு அவருக்கு நெனப்பு. இத்தன வருஷம் வளத்தவன் ஒரு கார்டுக்காக வராம போயிட்டானேன்னு அக்காவுக்கு ஆத்திரம். அன்னிக்கு நின்ன பேச்சுதான்... இருபது வருஷம் ஓடிப்போச்சு.

நானும் நம்பிட்டேன். நான்தான் அழிச்சேன்னு. இன்னிக்கு வரைக்கும் எந்த வேலைய அனுப்பினாலும் கடைசி வரிய மூணு தடவ பாக்குறேன்.

அச்சகத்த மூடினப்ப பழைய வேலை இருந்த சிடி எல்லாத்தையும் நான்தான் எடுத்துட்டு வந்தேன். இப்ப ஜொகூர் பாரு வீட்டு அலமாரியில தூங்குது. நேத்து தேடி எடுத்து, அந்தக் கார்டப் புது வெர்ஷன்ல திறந்து, பிரிண்ட் அமுக்கினேன்.

நிறுத்திருச்சு. 'ஒரு வரி மறைஞ்சிருக்கு.'

எழுத்து இருந்த பெட்டிய இழுத்துப் பெருசாக்கினேன். உள்ளேர்ந்து வந்துச்சு... 'தாய்மாமன்: மூவார் முனியாண்டி.'

நான் அழிக்கல. அட்ரஸ் தள்ளின தள்ளுல பெட்டிக்குக் கீழ விழுந்து, இருபது வருஷமா அங்கேயேதான் இருந்திருக்கு. ஒரே ஒரு வாய் வார்த்தை. அத அன்னிக்கே நிறுத்திச் சொல்ல இந்த சாப்ட்வேருக்கு என்ன கேடு? தமிழ்க்காரன் கார்டுதானேன்னு ஆறப்போட்டு, இப்ப வந்து 'மேம்பாடு'ன்னு மார்தட்டுறாங்க. நான் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்.

ஸ்கிரீன போட்டோ எடுத்து பார்வதி அக்காவுக்கு அனுப்பிட்டு, போன் போட்டேன். போட்டோவப் பெருசாக்கிப் பாத்துட்டுத்தான் அக்கா பேசினாங்க.

"அப்ப நீ அழிக்கல."

"அழிக்கலக்கா. உள்ளதான் இருந்துச்சு."

"உன்னயும் திட்டினேன். அவனயும் திட்டினேன்..." மூக்க உறிஞ்சுற சத்தம். "ஒரே ஒரு கார்டு போட்டுக் குடும்மா. அதே பழைய கார்டு. நான் மூவாருக்குக் கொண்டு போறேன்."

இப்பல்லாம் கல்யாணக் கார்டு வாட்சப்புல வருது. பேரு விட்டுப்போனா அழிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல வேற அனுப்பிடுறாங்க. யாரும் கார்டத் திருப்பித் தட்டுல வைக்கிறதில்ல.

இன்னிக்குக் காலையில மஞ்சள் அட்டை வாங்கிட்டு வந்து அடிச்சேன். தேதி பழசு, மண்டபத்த எப்பவோ இடிச்சிட்டாங்க. கடைசி வரிய மட்டும் விரலால தடவிப் பாத்தேன்.

ஒட்டு இல்ல.