எல்லோருக்கும் உறவான புள்ளி

என் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் எல்லோருக்கும் உறவாக இருந்தது. மற்றப் புள்ளிகளிலிருந்து இரண்டோ மூன்றோ கோடுகள்தான் கிளம்பும். இதிலிருந்து கிளம்பியவை திரையையே மறைத்தன.

பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், இலைகளை உதிர வைக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றியது என் ஆராய்ச்சி. அதன் புரதங்களை ஒவ்வொன்றாக நுண்மணிகளில் ஒட்டி, தூண்டில் போல இலைச் சாற்றில் போடுவேன். எந்த இலைப் புரதம் எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதோ, வரைபடத்தில் அவை இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கோடு. அந்தப் புள்ளி ரப்பர் பாலில் இருக்கும் புரதம். இலையிலும் பால் ஓடுகிறது என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நோய் நுழையும் வாசல் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஆய்வுக் குழு அதை ஏற்றுக்கொண்டால் முனைவர் பட்டத்துக்குத் தொடரலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை காலை, உலு திராம் ஊரில் எங்கள் வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தபடி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். கையில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் கையுறை.

"ஒரு எடத்துல நிக்க மாட்டியா? எனக்குத் தல சுத்துது."

"திங்கக்கிழமை பேசணும்மா."

"பேசுவ, பேசுவ. நான் குடுத்த கிளவ்ஸ் தீந்துடுச்சா? இன்னொரு பெட்டி கொண்டாரவா?"

"இருக்கும்மா."

"நல்ல சாமான் லா. சுத்தமான ரப்பர் பாலு. உங்க லேப்ல இருந்த நீலக் கலரு மாதிரி இல்ல."

என் நடை நின்றது.

ஆய்வகத்தில் ரப்பர் பால் கலக்காத நீலக் கையுறை தீர்ந்த வாரம், அம்மா கொடுத்த பெட்டியைப் பெருமையோடு கொண்டுபோய் வைத்தவள் நான். மடிக்கணினியைத் திறந்தேன். பெட்டி வருவதற்கு முன் செய்த இரண்டு சோதனைகளில் அந்தப் புள்ளியே இல்லை. கை பழகாத காலத்தில் செய்தவை என்று நானே ஒதுக்கியவை அவை. பெட்டி வந்த பிறகு எல்லாவற்றிலும் அது இருந்தது. புரதம் ஒட்டாத வெறும் மணிகளை மட்டும் போட்டு, வேறு எதுவும் ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையையும், பழைய முடிவு போதும் என்று மறுபடி செய்யாமல் விட்டிருந்தேன்.

"அந்தப் புள்ளி இலையில இல்லம்மா. கிளவ்ஸ்லேர்ந்து வந்திருக்கு."

அம்மா கையுறையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "நான் குடுத்ததா?"

"போட்டுக்கிட்டது நான்தானே."

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

வெறுங்கையால் இரண்டு இறாலை உரித்தார். "நீ கண்டுபுடிச்சத பேக்டரி வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடி."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற நினைப்போடு வாசல்வரை போய்த் திரும்பினேன். என் பெயரைப் போட்ட படத்தில் கையுறை நிற்கும். அதை நம்பி யாரோ வருடக்கணக்கில் தூண்டில் போடுவார்கள். நின்றபடியே புள்ளியை அழித்தேன். கோடுகள் போய், படம் துண்டு துண்டாகக் கிடந்தது. நடந்ததை எழுதி என் ஆய்வு மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். மறுபடியும் நடந்தேன்.

"கிளவ்ஸ் யாரு குடுத்தான்னு கேட்டா என்னா சொல்லுவ?" என்றார் அம்மா.

"என்ன சொல்லட்டும்?"

"நான் குடுத்தேன்னு சொல்லு. ஆனா சாமான் நல்ல சாமான்னும் சொல்லு."

திங்கட்கிழமை பழைய இரண்டு சோதனைகளையும்தான் முதலில் காட்டினேன். எல்லாவற்றையும் திரும்பச் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். கையுறை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே சொன்னேன், அம்மா சொல்லச் சொன்ன இரண்டையும்.