அம்மாவின் பேச்சைப் பழித்தவள்

ஃப்ளோரிபெர்த்தாவின் வீட்டில் எல்லோரும் கலிபோர்னியாவில், ஆக்ஸ்நார்ட்டின் ஸ்ட்ராபெரி வயல்களில் பழம் பறிப்பவர்கள். அவளுக்குப் பதினைந்து வயது. குள்ளம், நல்ல கறுப்பு. வீட்டில் பேசுவது மிஷ்டெக், மெக்சிகோப் பழங்குடி மொழி. பள்ளியில் அவளை அடித்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் இல்லை. அவளைப் போலவே மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் பெண்கள்தான். 'ஒஹாகிட்டா' என்று கூப்பிடுவார்கள். தெற்கு மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்துக்காரி என்றுதான் அர்த்தம். அவர்கள் சொன்னால் எச்சில் துப்பியது போலிருக்கும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி தயனாரா. ஒருநாள் ஜிம்முக்குப் பின்னால் இரண்டு பேர் ஃப்ளோரியின் கைகளை முறுக்கிப் பிடித்துக்கொள்ள, தயனாரா கழுத்தை நெரித்து வயிற்றில் முழங்காலால் இடித்தாள். கீழே விழுந்தவளின் முகத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தாள்.

"உங்க பாஷையில அழுடி, கேப்போம்."

ஃப்ளோரி அழவில்லை. உதட்டுக்குள் கிழிந்த சதையை நாக்கால் தடவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வயலிலிருந்து திரும்பிய அம்மா ஹெர்மினியா அவள் முகவாயை நிமிர்த்திப் பார்த்தாள்.

"யாருடி?"

"விழுந்துட்டேம்மா."

"விழுந்தா கழுத்துல விரல் பதியுமா?"

மறுநாள் சேறு அப்பிய பூட்ஸோடு அம்மா பள்ளிக்கு வந்தாள். அலுவலகத்தில் அவள் மிஷ்டெக்கில் சொல்லச் சொல்ல, தான் வாங்கிய அடியை ஃப்ளோரியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் தயனாரா.

மதியம் உணவறையில் அவள் இடுப்பை வளைத்து, பழம் பறிப்பது போல நடந்துகொண்டே மிஷ்டெக் ஒலிகளை இழுத்து இழுத்து உளறினாள். மேசையே குலுங்கிச் சிரித்தது.

ஃப்ளோரி தட்டோடு எழுந்தாள். முதல் அடி தயனாராவின் காதோரம் விழுந்தது. அடுத்த அடியில் மூக்கு உடைந்து, ரத்தம் பால் டம்ளருக்குள் தெறித்தது. சாய்ந்தவள் மீது ஏறி உட்கார்ந்து முஷ்டியால் குத்தினாள். சிரித்தவர்கள் அலறினார்கள். குத்தக் குத்த அவளுக்கு அது பிடித்திருந்தது. காவலாளி இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தபோதும் கை காற்றில் வீசிக்கொண்டே இருந்தது.

அவளைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். வீட்டில் அம்மா அவளுடைய வீங்கிய கையை வெந்நீரில் வைத்துக் கழுவினாள். திட்டவில்லை.

"அவ அம்மாவும் இப்ப இப்படித்தான் உக்காந்து அவளுக்குக் கழுவிவிட்டுட்டிருப்பா" என்றாள்.

ஃப்ளோரி அப்போதுதான் அழுதாள்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று தாழ்வாரத்தில் தயனாரா எதிரே வந்தாள். மூக்கில் பிளாஸ்திரி, கண்ணடியில் மஞ்சளாகக் கன்றிய காயம். இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள்.

"இன்னும் அடிப்பியா?"

"எங்கம்மாவப் பேசினா அடிப்பேன்."

"பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தயனாரா ஒதுங்கிப் போனாள்.

சொன்னபடியே அவள் பிறகு வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் ஃப்ளோரியைச் சீண்டவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவுமில்லை. அந்த வருடம் முழுக்க அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள்.